பதவி மாறியும் மெனு மாறவில்லையா?

கல்முனைக் கிளையில் எழுதுவினைஞராக இருந்த ஒருவர் பதவி உயர்ந்து அக்கரைப்பற்றுக் கிளைக்குப் போகிறார் என்று வைப்போம். சிஸ்டத்தில் அவருடைய பதவியை நிர்வாகி மாற்றிவிட்டார். திரையிலோ பழைய மெனுதான். 'அனுமதி வழங்கல்' பகுதியே இல்லை. கேட்டால், "லொக்அவுட் பண்ணிட்டுத் திரும்ப வாங்க" என்பார்கள். அப்படிச் செய்தால் சரியாகிவிடும். லொகின் ஆன கணத்தில் கட்டிய மெனு செஷனுக்குள் (லொகினிலிருந்து லொக்அவுட் வரை சேர்வர் வைத்திருக்கும் குறிப்புக்குள்) அப்படியே கிடந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

மெனுவைக் கேஷில் (ஒருமுறை தயாரித்ததைத் திரும்ப எடுக்க வைக்கும் தற்காலிகச் சேமிப்பில்) வைப்பது தவறல்ல. பக்கம் திறக்கும்போதெல்லாம் பயனர், பதவி, உரிமை அட்டவணைகளை இணைத்துத் தேடுவது வீண் சுமை. கோளாறு பெரும்பாலும் கேஷ் சாவியில், அதாவது சேமித்ததைத் தேடி எடுக்கும் பெயரில், இருக்கும். வெறும் 'மெனு' என்று பெயரிட்டால், முதலில் நுழைந்தவரின் மெனு எல்லாருக்கும் போகும். ஆளுக்கொன்றாக வைப்பதைவிடப் பதவிக்கொன்றாக வைப்பது சிக்கனம்: 200 பயனர்கள், 6 பதவிகள், 3 மொழிகள் என்றால் 18 பதிவுகள் போதும். மொழியைச் சாவியில் சேர்க்காமல் விட்டால், அம்பாறையில் சிங்களத்தில் திறந்தவரின் மெனு அடுத்த மேசையில் தமிழில் வேலை செய்பவருக்கு வரும். ஆளுக்கு ஆள் தனி உரிமை கொடுக்கிற சிஸ்டமென்றால் இந்தச் சிக்கனம் செல்லாது. பயனர் எண்ணும் சாவியில் வேண்டும்.

சாவியின் கடைசியில் ஒரு பதிப்பு எண்ணையும் சேருங்கள். பதவிக்குரிய உரிமை மாறினால் அந்த எண்ணை ஒன்றால் கூட்டினால் போதும். பழைய பதிவுகளைத் தேடி அழிக்கத் தேவையில்லை. ஒரு மணி நேர ஆயுள் கொடுத்தால் தாமாகவே போய்விடும். ஆனால் எண்ணைக் கூட்டுவது தரவுத்தள மாற்றம் கொமிட் ஆன (நிலையாகப் பதிவான) பிறகே. முந்திக் கூட்டினால், அந்த இடைவெளியில் வரும் வேறொரு கோரிக்கை பழைய உரிமையைப் படித்துப் புது எண்ணின் கீழ் சேமித்துவிடும். எப்போதாவது மட்டும் தலைகாட்டுவதால் இந்தப் பிழையைப் பிடிப்பது கடினம்.

ஆள் எந்தப் பதவியில் இருக்கிறார் என்பதைத் தரவுத்தளத்தில் பாராமல் செஷனிலிருந்து எடுத்தால் இத்தனையும் வீண். டோக்கனுக்குள் (லொகின் ஆனதும் சேர்வர் தரும் அடையாளச் சீட்டுக்குள்) பதவியை எழுதும் முறையிலும் இதே கதைதான்: டோக்கன் காலாவதியாகும்வரை பழைய பதவியே நிற்கும். அதன் ஆயுளை 10, 15 நிமிடத்துக்குள் வையுங்கள்.

அடுத்தது ப்ரவுசர். மெனு உள்ள பக்கத்தோடு சேர்வர் அனுப்பும் கேஷ்-கண்ட்ரோல் தலைப்பில் 'பிரைவேட், நோ-கேஷ்' கொடுங்கள். 'நோ-கேஷ்' என்றால் சேமிக்காதே என்று பலர் நினைக்கிறார்கள். சேமி, ஆனால் சேர்வரிடம் கேட்காமல் காட்டாதே என்பதே பொருள். பலர் மாறி மாறி இருக்கும் கணினிக்கு 'நோ-ஸ்டோர்' தான் பொருத்தம். மெனுவை லோக்கல் ஸ்டோரேஜில் (ப்ரவுசருக்குள் உள்ள சேமிப்பில்) வைத்திருந்தால் லொக்அவுட்டில் அதையும் அழிக்க வேண்டும்.

சோதிக்க இரண்டு ப்ரவுசர் போதும். ஒன்றில் நிர்வாகியாக இருந்து மற்றவரின் பதவியை இறக்குங்கள். மற்றதில் லொக்அவுட் செய்யாமல் ஒரு இணைப்பை அழுத்துங்கள். மெனுவில் அந்தப் பதவிக்குரிய பகுதி மறைய வேண்டும் (டோக்கன் முறையென்றால் அதன் ஆயுள் முடிந்ததும்). பிறகு அதன் முகவரியை நேரடியாகத் தட்டுங்கள்: 403 (அனுமதி மறுப்பு) வராமல் பக்கம் திறந்தால், மெனுவை விட்டுவிட்டு முதலில் அந்தக் கதவைப் பூட்டுங்கள்.