பையருக்கு எழுதும் ‘பெட்டர்’

திருப்பூர் பனியன் கம்பெனியிலிருந்து ஜெர்மனியில் இருக்கும் பையருக்கு, அதாவது சரக்கு வாங்குபவருக்கு, ஒரு மெயில் போக வேண்டும். லேப் டிப், அதாவது சாயம் ஏற்றிய மாதிரித் துணித்துண்டு, அனுப்பியாகிவிட்டது. கலர் ஓகே ஆனால்தான் டையிங்கில் துணி ஏறும். ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் மனதில் ஓடுவது, “திங்கக்கிழமைக்குள்ள சொல்லிட்டீங்கன்னா நல்லதுங்க.” நல்லது என்றால் பெட்டர். ஆகவே இப்படி எழுதுகிறார்: ‘யூ ஹேட் பெட்டர் டு சென்ட் த அப்ரூவல் பை மண்டே.’

இதில் இரண்டு கோளாறு. நடுவில் ‘டு’ வரக்கூடாது என்பது ஒன்று. அதைப் பையர் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவார். மற்றது பெரிது. ‘டு’வை எடுத்துவிட்டால் வாக்கியம் திருத்தமாகிவிடும், ஆனால் தொனி இன்னும் மோசமாகும். “மரியாதையா திங்கக்கிழமைக்குள்ள அனுப்பிரு, இல்லேன்னா நடக்கறது வேற” என்பதுதான் அவர் காதில் விழும். கொங்குப் பேச்சில் மரியாதை வாக்கியத்தின் வாலில் ‘ங்க’வாக ஒட்டிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் அப்படி ஒரு வால் இல்லை. எந்த வினையைத் தலையில் வைக்கிறோம் என்பதில்தான் பெரும்பாலும் அது இருக்கிறது.

‘ஹேட் பெட்டர்’ ஒரு விசித்திரமான ஜோடி. ‘ஹேட்’ இறந்தகால வடிவம், பேச்சு என்னவோ இனி நடக்க வேண்டியதைப் பற்றி. ‘பெட்டர்’ ஒப்பீட்டு வடிவம், ஆனால் எதைவிட எது மேல் என்று ஒப்பிடுவதே இல்லை. பழைய ஆங்கிலத்தில் இது ‘எனக்கு இது மேலாக இருக்கும்’ என்ற அமைப்பில் நான்காம் வேற்றுமையோடு நின்றது. பிறகு ‘எனக்கு’ என்பது ‘நான்’ ஆகி, ‘ஹேட்’ உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. இன்று இரண்டும் ஒட்டி, ‘மஸ்ட்’, ‘ஷுட்’ போன்ற துணைவினை மாதிரியே நடக்கிறது. இந்த வகைத் துணைவினைக்குப் பின்னால் ‘டு’ வராது. ‘மஸ்ட் சென்ட்’ போல ‘ஹேட் பெட்டர் சென்ட்’. ‘நாட்’ சேர்த்தால் ‘ஹேட் பெட்டர் நாட் சென்ட்’.

‘டு’ சில இடத்தில் வருவதும் சில இடத்தில் வராததும் ஏன்? சுமார் 1100-க்கு முந்தைய ஆங்கிலத்தில் ‘பாட’ என்பதற்கு ‘ஸிங்கன்’ என்று ஒரே சொல். விகுதியே அது எச்சம் என்று காட்டிவிடும். ‘பாடுவதற்கு’ என்று நோக்கம் சொல்ல வேண்டுமானால் மட்டும் முன்னால் ‘டு’ போட்டு ‘டு ஸிங்கென்னெ’ என்றார்கள். அடுத்த சில நூற்றாண்டுகளில் விகுதிகள் தேய்ந்து உதிர்ந்தன. எச்சத்தைக் காட்ட வேறு அடையாளம் இல்லாததால் ‘டு’ அந்த வேலையை எடுத்துக்கொண்டது. துணைவினைகளும் ‘மேக்’, ‘லெட்’, ‘ஸீ’ போன்ற சில வினைகளும் மட்டும் பழைய வழக்கத்தை விடவில்லை. ‘த பையர் மேட் அஸ் வெயிட்’ என்பதில் ‘டு’ இல்லை. அதையே செயப்பாட்டுவினை ஆக்கினால் ‘வீ வேர் மேட் டு வெயிட்’ என்று ‘டு’ திரும்ப வந்துவிடும். பலர் தடுக்கி விழும் இடம் இது.

தமிழில் இந்தச் சிக்கல் கிடையாது. அனுப்பச் சொன்னார், அனுப்ப விட்டார், அனுப்ப வேண்டும், அனுப்ப முயன்றார் என எல்லாவற்றுக்கும் ஒரே ‘அனுப்ப’. அதனால் எங்கே ‘டு’ போடுவது, எங்கே விடுவது என்று நம் காது எச்சரிப்பதில்லை. ‘மாற்றச் சொல்கிறோம்’ என்பது அப்படியே ‘வீ சஜெஸ்ட் யூ டு சேஞ்ச்’ ஆகிறது. ‘சஜெஸ்ட்’ அந்த அமைப்பை ஏற்காது. ‘வீ சஜெஸ்ட் சேஞ்சிங்’ அல்லது ‘வீ சஜெஸ்ட் தட் யூ சேஞ்ச்’ என்றுதான் வரும்.

ஒப்பீட்டிலும் தமிழின் வழி வேறு. ‘ஈரோட்டை விடக் கோவை பெரியது’ என்பதில் ‘பெரியது’ மாறுவதே இல்லை. ஒப்பிடும் வேலை முழுவதும் ‘விட’வின் தலையில். அந்த ‘விட’வோ, விடு என்ற வினையின் செயவென் எச்சம்தான்! ‘காட்டிலும்’ கூட ‘காட்டு’ என்ற வினையிலிருந்து வந்ததே. ஆங்கிலம் பண்புச்சொல்லையே திரிக்கிறது: ‘பிக்’, ‘பிக்கர்’. நமக்குத் திரிக்கும் பழக்கம் இல்லாததால், திரிந்த சொல்லின் மேலேயே இன்னொரு ‘மோர்’ ஏற்றி ‘மோர் பெட்டர்’ என்று எழுதிவிடுகிறோம்.

விருப்பத்தைச் சொல்லும்போது தமிழ் ‘விட’வைக்கூட விட்டுவிடும். “இந்த பஸ்ல தொங்கிட்டுப் போறதுக்கு நடந்தே போயிரலாமுங்க.” நான்காம் வேற்றுமை ஒன்றே ஒப்பீட்டைச் செய்து முடித்துவிட்டது. இதற்கு ஆங்கிலம் ‘ஐ வுட் ராதர் வாக் தேன் டேக் திஸ் பஸ்’. ‘ராதர்’ என்பதும் ஒரு காலத்தில் ஒப்பீட்டு வடிவம். ‘சீக்கிரம்’ என்ற பொருளுள்ள ‘ரேத்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. ‘வுட்’ துணைவினை ஆனதால் ‘வாக்’கும் வெறும் வாக், ‘டேக்’கும் வெறும் டேக்.

ஆங்கிலத்தில் நம் ‘விட’வின் வேலையைச் செய்யும் ‘தேன்’ ஒரு தராசு முள். இடப்பக்கம் என்ன வடிவமோ, வலப்பக்கமும் அதுவே இருக்கும்படி எழுதிவிட்டால் வம்பில்லை. ‘இட் இஸ் சீப்பர் டு ஷிப் ஃப்ரம் தூத்துக்குடி தேன் டு சென்ட் இட் பை ஏர்’ என்பதில் இருபுறமும் ‘டு’. இங்கே ‘சீப்பர்’ உண்மையான ஒப்பீடு. துணைவினையோடு ஒட்டவில்லை, அதனால் ‘டு’ கேட்கிறது. ‘ஷி நோஸ் பெட்டர் தேன் டு ஆர்க்யூ’ என்பதும் அப்படியே: வாதாடப் போகாத அளவுக்கு அவருக்கு விவரம் உண்டு என்று பொருள்.

‘ப்ரிஃபர்’ மட்டும் தனிக் கணக்கு. பொருளைப் பொருளோடு ஒப்பிட்டால் ‘தேன்’ வராது, ‘டு’தான்: ‘வீ ப்ரிஃபர் ஸீ டு ஏர்’, அதாவது விமானத்தைவிடக் கடல்வழியே எங்களுக்கு விருப்பம். செயலை எச்சமாக வைத்தால் ‘ராதர் தேன்’: ‘வீ ப்ரிஃபர் டு வெயிட் ராதர் தேன் ஷிப் இட் ஹாஃப் ஃபினிஷ்ட்’.

சுருக்கி எழுதும்போது இன்னொரு குழி. ‘யூட் பெட்டர்’, ‘யூட் ராதர்’ இரண்டிலும் வருவது ஒரே ‘ட்’. முன்னதில் அது ‘ஹேட்’, பின்னதில் ‘வுட்’. விரித்து எழுதும்போது ‘யூ வுட் பெட்டர் சென்ட்’ என்று எழுதினால் தவறு.

பையருக்கு என்ன எழுதலாம்? ‘இட் வுட் பி பெட்டர் டு ஹேவ் த அப்ரூவல் பை மண்டே.’ ‘பி’ வந்து ‘பெட்டர்’ தனிப் பண்புச்சொல்லாக நிற்பதால் ‘டு’ சரி, மிரட்டலும் போயிற்று. காரணத்தையும் ஒரு வரி சேர்த்தால், அதாவது டையிங் தேதி இன்னது என்று சொன்னால், ‘பெட்டர்’ இல்லாமலேயே வேலை நடக்கும். பையர் ஒன்றைச் செய்யக்கூடாது என்று நாம் விரும்பும்போது ‘வீ வுட் ராதர் யூ டிட்ன்ட் சேஞ்ச் த கலர் நவ்’ என்று வரும்: ‘வுட் ராதர்’க்குப் பின் இன்னொரு ஆள் வந்துவிட்டால் எச்சம் போய், இனி நடக்கப்போவதற்கும் இறந்தகாலமே நிற்கும்.