ஹிட்லர் ஏன் அப்பிடி ஆனவர் எண்டு எழுத முதல், அதைச் சொன்னது ஆர் எண்டு பாருங்கோ

கிளிநொச்சியில உளவளத்துணை டிப்ளோமா படிக்கிற பிள்ளையளின்ர அசைன்மன்ட் பாக்கேக்க ஒவ்வொரு பற்ச்சிலயும் இது நடக்குது. ஒரு சர்வாதிகாரியை எடுத்து அவர் ஏன் அப்பிடி ஆனவர் எண்டு எழுதச் சொன்னா கனபேர் ஹிட்லரைத்தான் எடுப்பினம், எடுத்துப்போட்டு எல்லாரும் ஒரே கதையை எழுதுவினம். தகப்பன் அடிச்சவர், தாய் புற்றுநோயில செத்தவ, வைத்தியம் பாத்தது ஒரு யூத டொக்டர், அந்தக் கோவத்திலதான் அறுபது லட்சம் யூதரைக் கொன்றவர், முடிஞ்சுது கதை. யூரியூப்பில தமிழிலயே வீடியோ இருக்கு, சோகமான மியூசிக்கோட. அந்தக் கதையில ஒவ்வொரு துண்டையும் ஆர் சொன்னது, எப்ப சொன்னது, ஆருக்குச் சொன்னது எண்டு பாக்கிற ஆக்கள்தான் குறைவு.

வன்னியில இருக்கிற எங்களுக்கு இது விளங்காத விசயமே இல்லை. 2009இல போர் முடிஞ்ச பிறகு செட்டிக்குளம் முகாமில ஒரு பதிவு, மீள்குடியேறி வந்தாப்பிறகு ஜிஎஸ்ஸிட்ட (கிராம அலுவலரிட்ட) ஒரு பதிவு, பிறகு ஆணைக்குழு, என்ஜிஓ, வெளிநாட்டில இருந்து வாற ஆராய்ச்சிக்காரர் எண்டு ஒரு அம்மா ஒரே சம்பவத்தை எத்தினை பேருக்குச் சொல்லியிருப்பா. என்னட்ட வந்த ஒரு அம்மா, ஆளைத் தெரியாமலிருக்கச் சில விசயங்களை மாத்தித்தான் சொல்லுறன், ஆணைக்குழுவில காணாமல்போன மகன்ர பேர், திகதி, இடம், கடைசியாக் கண்டது ஆர் எண்டது மட்டும்தான் சொன்னவ, ஏனெண்டா அங்க அதைத்தான் கேட்டவை. வாழ்வாதார உதவிக்கு விபரம் எடுக்க வந்த பிள்ளையிட்ட, மகன்தான் தோட்டம் செய்து வீட்டைப் பாத்தவன் எண்டு சொன்னவ. என்னோட இருந்து கதைக்கேக்கதான் அண்டைக்குக் காலமை அவனை ஏசினதையும் அவன் தேத்தண்ணியைக் குடிக்காமலே போனதையும் சொன்னவ, அது ஒரு பைலிலயும் இல்லை. மூண்டும் உண்மை. ஆனா ஆரோ ஒராள் அதில ஒரு பைலை மட்டும் எடுத்து அந்தப் பெடியன்ர குணம் இப்பிடித்தான் எண்டு எழுதினா என்னவா வரும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ.

இந்தக் கண்ணோட ஹிட்லரின்ர தங்கச்சி பவுலாவின்ர வாக்குமூலத்தைப் பாப்பம். தகப்பன் அலோய்ஸ் அண்ணனுக்கு ஒவ்வொரு நாளும் அடிச்சவர் எண்ட கதைக்கு அவ சொன்னது ஒரு முக்கியமான ஆதாரம். தகப்பன் சாகேக்க, 1903 ஜனவரியில, அவவுக்கு ஏழு வயசுகூட நிரம்பேல்ல. அதை அவ சொன்னது போர் முடிஞ்சு அமெரிக்க அதிகாரிகள் விசாரிக்கேக்க, அதாவது நாப்பது வருசத்துக்கு மேல கழிச்சு, அண்ணன் செய்தது முழு உலகத்துக்கும் தெரிஞ்ச பிறகு. அடி விழேல்ல எண்டு நான் சொல்லேல்ல, விழுந்திருக்கும். அந்தக் காலத்து ஒஸ்ரியாவில அடி வாங்கி வளந்த பெடியள் எண்ணுக்கணக்கில்லாம இருந்தவை, அவை ஒருத்தரும் ஹிட்லர் ஆகேல்ல எண்டதையும் பக்கத்தில எழுத வேணும்.

டொக்டர் கதைதான் எனக்கு இன்னும் கவலையான கதை. டொக்டர் எடுவார்ட் புளொக், லின்ஸ் நகரத்தில ஏழையளுக்கும் வைத்தியம் பாத்த யூதர், 1907இல ஹிட்லரின்ர தாய் கிளாராவைப் பாத்தவர், டிசம்பரில அவ செத்துப்போனவ. அதால யூதரில வெறுப்பு வந்தது எண்டு பின்னால உளவரலாறு, அதாவது உளவியலால வரலாற்றை விளக்கிற எழுத்து, எழுதின சிலர் கோட்பாடாவே கட்டினவை. பத்திரத்தைப் பாத்தா அது மற்றப் பக்கமா நிக்குது. அந்த டொக்டருக்கு ஹிட்லர் நன்றி சொல்லிப் போஸ்ட்காட் அனுப்பினவர், 1938இல நாசிகள் ஒஸ்ரியாவைப் பிடிச்ச பிறகு லின்ஸில மற்ற யூதருக்குக் கிடைக்காத பாதுகாப்பு இவருக்குக் கிடைச்சது, 1940இல அமெரிக்கா போகவும் விட்டவை. 1941இல அவர் அமெரிக்கச் சஞ்சிகை ஒண்டில, தாய் செத்த நேரம் அந்தப் பெடியன் உடைஞ்சு போனமாதிரி உடைஞ்ச ஒராளைத் தான் கண்டதில்லை எண்டு எழுதினவர். சரி, இந்தச் சாட்சியையும் அப்பிடியே எடுக்கேலாது. எழுதினவர் நியூயோர்க்கில அகதி, அவரின்ர டொக்டர் பட்டத்தை அங்க ஏற்கேல்ல, வயசும் போட்டுது, முப்பது வருசத்துக்கு மேல கழிச்சு ஞாபகத்தில இருந்து எழுதுறார், வாசிக்கிற சனத்துக்கு ஹிட்லரைப் பற்றி ஒரு கதை வேணும். எண்டாலும் வெறுப்புக்கு ஆதாரம் எண்டு காட்டுற அதே ஆள் வெறுப்பைக் காணேல்ல, துக்கத்தைத்தான் கண்டவர் எண்டது பெரிய விசயம்.

பிறகு ஹெர்மன் ரவுஷ்னிங். டான்சிக் (இப்ப போலந்தில இருக்கிற நகரம்) ஆட்சிச் சபையான செனட்டின்ர தலைவரா இருந்து நாசிகளோட முறிச்சுக்கொண்டு வெளியேறின ஆள், ஹிட்லர் தன்னோட தனியக் கதைச்சது எண்டு பெரிய புத்தகம் ஒண்டை 1939–40இல வெளியிட்டவர். கன காலமா உளவியல்காரர் எல்லாரும் அதில இருந்து மேற்கோள் எடுத்தவை. 1980களில வொல்ஃப்காங் ஹேனல் எண்ட சுவிஸ் ஆசிரியர் கிண்டிப் பாத்தா, சந்திப்புகள் அவர் சொன்ன மாதிரி நடக்கவே இல்லை, கதைச்சதெண்டு எழுதினதில கனக்க வேற இடங்களில இருந்து எடுத்தது. போர்க்காலத்தில ஹிட்லருக்கு எதிராச் சனத்தைத் திருப்ப எழுதின புத்தகம், அந்த நோக்கம் நல்ல நோக்கம்தான். ஆனா நல்ல நோக்கத்துக்காகப் பொய் சொன்ன சாட்சியும் பொய்ச்சாட்சிதான். இதில இன்னொரு சங்கிலி இருக்கு. 1943இல அமெரிக்க உளவுத்துறைக்காக வோல்ரர் லாங்கர் எண்ட உளப்பகுப்பாய்வாளர் ஹிட்லரைப் பற்றி ஒரு ரகசிய றிப்போட் எழுதினவர், கடைசியில தற்கொலை செய்யத்தான் கூடுதலான சாத்தியம் எண்டு அதில இருந்தது, அது நடந்தும் போட்டுது. 1972இல புத்தகமா வந்தாப்பிறகு எல்லாரும் அந்த ஒரு ஊகத்தைக் காட்டி மிச்சத்தையும் நம்பினவை, ஆனா அவர் ஹிட்லரை நேர கண்டவரில்லை, அவர் பாவிச்ச மூலங்களில ரவுஷ்னிங்கும் ஒராள். முடிவு பலிச்சதால மூலம் சரியெண்டு ஆகாது.

நான் இதில இவ்வளவு மெனக்கெடுறதுக்குக் காரணம் இருக்கு. ஏ.எல் பிள்ளையளுக்கு ஒரு வேர்க்ஷொப் செய்யேக்க இந்த ஹிட்லர் கதையை ஒரு பிள்ளை சொல்லி முடிச்சாப்பிறகு பின் வாங்கில இருந்த ஒரு பெடியன் எழும்பி, "அப்ப சேர், சின்னனில தாய் தேப்பன் இல்லாம வளந்த ஆக்கள் அப்பிடித்தான் வருவினமோ?" எண்டு கேட்டவன். அந்த வகுப்பில தாயையோ தேப்பனையோ போரில குடுத்த பிள்ளையள் ஒண்டு ரெண்டு இல்லை. அவனும் அப்பிடி ஒராள் எண்டு பிறகுதான் தெரியும். ஆதாரம் இல்லாத ஒரு பிள்ளைப்பருவக் கதை ஜேர்மனியில செத்துப்போன ஒராளைப் பற்றினதா இருந்தாலும், அது வந்து இறங்குறது முல்லைத்தீவில உயிரோட இருக்கிற ஒரு பிள்ளையின்ர தலையில. அம்மம்மாவோட வளந்த பிள்ளையள், முகாமில கூடாரத்துக்குள்ள எழுதப் பழகின பிள்ளையள் இண்டைக்கு டீச்சரா, நேர்சா, என்னோட வேலை செய்யிற ஆக்களா இருக்கினம். அவைக்கு முன்னால இந்தக் கதையைச் சொல்ல எங்களுக்கு என்ன உரிமை?

தொழில் ஒழுக்கத்திலயும் இது இருக்கு. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973இல இருந்தே, நேர பரிசோதிக்காத, அனுமதி தராத ஒரு பிரபலமான ஆளைப் பற்றி மனநலத் தீர்ப்புச் சொல்லக்கூடாது எண்டு விதி வச்சிருக்கு. எங்கட பேஸ்புக்கில ஹிட்லருக்கு என்ன வருத்தம், மற்றத் தலைவருக்கு என்ன வருத்தம் எண்டு எங்கட துறைப் பிள்ளையளே எழுதுறதைக் காண மனம் வேகுது.

அப்ப நோக்கத்தைப் பற்றி ஒண்டுமே எழுதேலாதோ எண்டா, எழுதலாம். தன்ர யூத வெறுப்பு வியன்னாவில இருக்கேக்கயே முத்தினது எண்டு ஹிட்லரே 1925இல வந்த தன்ர புத்தகத்தில சொல்லுறார், ஆனா அது சிறையில இருந்து எழுதத் தொடங்கின அரசியல் புத்தகம், தலைவர் எண்ட ஒராளை உருவாக்க எழுதினது. வியன்னாவில அவரின்ர படங்களை வாங்கி வித்தவையில யாகொப் அல்டன்பேர்க், சாமுவேல் மொர்கன்ஸ்டேர்ன் எண்ட யூத வியாபாரியள் இருந்தவை. அந்தக் காலத்தில அவருக்கு யூத நண்பர்கள் இருந்தவை எண்டு சொன்னவரில ஒராள் ரைன்ஹோல்ட் ஹனிஷ், ஹிட்லரோட காசுப் பிரச்சினையில சண்டை பிடிச்சு மறியலுக்குப் போன ஆள், பிறகு ஹிட்லரின்ர படம் எண்டு கள்ளப்படம் கீறி வித்தவரும் அவர்தான். அவரை அப்பிடியே தள்ளிவிடலாம் போலத்தான் இருக்கும். ஆனா அவருக்குச் சம்பந்தமில்லாத வேற ஆதாரமும் அதையே சொல்லேக்க, கள்ளன் சொன்னதிலயும் அந்தத் துண்டை எடுக்கத்தான் வேணும். தேதியோட நிக்கிற முதல் பத்திரம் 1919 செப்டெம்பர் 16, மியூனிக்கில இராணுவத்தின்ர பிரசார வேலையில இருக்கேக்க மேலதிகாரி சொல்லி அடொல்ஃப் கெம்லிஹ் எண்ட ஆளுக்கு எழுதின கடிதம், அதில யூதரை முற்றா அகற்ற வேணும் எண்டு இருக்கு. அப்ப அவருக்கு முப்பது வயசு, தாய் செத்துப் பன்னிரண்டு வருசம் ஆகப்போகுது, நாடு முதலாம் உலகப் போரில தோத்துப்போய்க் கிடக்குது, சிப்பாய்களுக்கு அரசியல் பிரசாரம் கதைக்க இராணுவமே அவரைப் பயிற்சிக்கு அனுப்பியிருந்தது. தேடவேண்டிய இடம் அது.

உள்வட்டத்தில இருந்தவையின்ர நினைவுக்குறிப்புகள் வேற ரகம். ஹிட்லரின்ர ஆயுத அமைச்சரா இருந்த அல்பேர்ட் ஸ்பேர் இருபது வருசம் மறியலில இருந்து 1966இல வெளிய வந்து, 1969இல எழுதின புத்தகத்தில யூதப் படுகொலை தனக்குத் தெரியாது எண்ட மாதிரியே நிண்டவர், எஸ்எஸ் படைத் தலைவர் ஹிம்லர் 1943 ஒக்டோபரில போசன் நகரத்தில அதை வெளிப்படையாப் பேசேக்க தான் அங்க இருந்ததை 1971இல அவரே எழுதின கடிதம் 2007இலதான் வெளியில வந்தது. 1983இல ஹிட்லர் எழுதினது எண்டு வந்த கள்ள டயரியைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை, பேப்பர் போருக்குப் பிந்தினது எண்டு ஜேர்மன் ஆவணக்காப்பகம் கண்டுபிடிக்க முதல் பெரிய பேராசிரியரே உண்மையெண்டு சொன்னவர். ஹிட்லரின்ர தாத்தா ஒரு யூதர் எண்ட கதைக்கு மூலம் போருக்குப் பிறகு தூக்குக்குக் காத்திருந்த ஹிட்லரின்ர பழைய வக்கீல் ஹான்ஸ் ஃபிராங்க் எழுதின குறிப்பு, பாட்டி வேலை செய்தது எண்டு அவர் சொன்ன அந்த யூதக் குடும்பம் ஒஸ்ரியாவின்ர கிராஸ் நகரத்தில இருந்ததுக்கு ஆவணம் கிடைக்கேல்ல.

இப்ப அசைன்மன்ட் குடுக்கேக்க கொப்பியில வலப்பக்கத்தை வெறுமையா விடச் சொல்லுறனான். இடப்பக்கத்தில ஒரு வரி எழுதினா வலப்பக்கத்தில அதைச் சொன்னது ஆர், அப்ப அவருக்கு என்ன வயசு, எத்தினை வருசம் கழிச்சுச் சொன்னவர், கேட்டது ஆர், சொன்னதால அவருக்கு என்ன கிடைச்சது, அந்தக் காலத்துப் பத்திரம் ஏதும் ஒத்துவருதோ எண்டு நிரப்ப வேணும், வீடியோவில பாத்தனான் எண்டா வீடியோ எங்க இருந்து எடுத்தது எண்டு தேட வேணும். இப்பிடிச் செய்யேக்க பிள்ளைப்பருவப் பகுதி அரைப் பக்கமாச் சுருங்குது எண்டு சிலருக்குப் பயம். அதுக்கு மார்க்ஸ் குறையாது. வலப்பக்கம் வெறுமையா வந்தாத்தான் திருப்பிக் குடுப்பன்.