போஸ்ட்டாக் விசா: ஃபைலை அடுக்கும் முன்

முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுக்காக (போஸ்ட்டாக்) அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு ஜே-1 என்ற பரிமாற்ற விசாவில் போகும் ஆய்வாளர்களின் ஆவணங்களைச் சரிபார்த்துக் கொடுப்பது என் வேலை. நேர்காணல் தேதி கிடைத்ததும் எல்லோரும் ஃபைல் அடுக்க உட்கார்ந்துவிடுகிறார்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வரை உள்ளே இருக்கும். ஆனால் "அங்கே போய் என்ன ஆய்வு செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்டால், முக்கால்வாசிப் பேர் முனைவர் பட்ட ஆய்வேட்டின் தலைப்பை ஒப்பிக்கிறார்கள்.

பொருளறிவியல் படித்த ஒரு பெண்ணும் என்னிடம் அப்படித்தான் சொன்னார். எனக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. "இதையே உங்கள் அம்மாவிடம் எப்படிச் சொல்வீர்கள்?" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "உப்புக்காற்றில் இரும்பு துருப்பிடிக்காமல் இருக்க ஒரு பூச்சு தயாரிக்கிறேன்" என்றார். அதுதான் பதில். விசா அதிகாரிக்கு உங்கள் துறை தெரிந்திருக்க வேண்டியதில்லை. சில நிமிடங்களில் அவர் முடிவெடுத்தாக வேண்டும்.

அப்படித் தெளிவாகச் சொல்லியும் அவருக்கு 221(ஜி) சீட்டுதான் கிடைத்தது; முடிவை நிறுத்திவைத்துக் கூடுதல் விவரம் கேட்கும் சீட்டு அது. பொருளறிவியல், லேசர், ரோபாட்டிக்ஸ், அணு அறிவியல் போன்ற துறைகளில் கூடுதல் பரிசோதனை வழக்கமானது. சீட்டைப் பார்த்ததும் கதை முடிந்தது என்று கலங்க வேண்டாம். பெரும்பாலும் தன்விவரம், வெளியீடுகளின் பட்டியல், ஆய்வுத் திட்ட விளக்கம் ஆகியவற்றைக் கேட்பார்கள். இவர் மூன்றையும் முன்பே தயாராக வைத்திருந்ததால் அன்று மாலையே அனுப்பிவிட்டார். அதன் பிறகு வாரக்கணக்கில் ஆகலாம், மாதக்கணக்கிலும் ஆகலாம். விசா ஒட்டிய பாஸ்போர்ட் கைக்கு வரும்வரை விமான டிக்கெட் எடுக்காதீர்கள் என்று நான் மன்றாடுவது இதனால்தான்.

ஆவணங்களில் முக்கியம், ஒன்றுக்கொன்று ஒத்துப்போவது. பல்கலைக்கழகம் அனுப்பும் டிஎஸ்-2019 படிவத்தில் உள்ள பெயர், தேதி, ஆய்விடம் எல்லாம் விசா விண்ணப்பமான டிஎஸ்-160 படிவத்திலும் அப்படியே இருக்க வேண்டும். செவிஸ் (வெளிநாட்டு மாணவர், ஆய்வாளர்களுக்கான அமெரிக்க அரசின் பதிவு முறை) கட்டணம் 220 டாலர் கட்டிய ரசீது தனியாக வேண்டும். அப்புறம், கடந்த ஐந்து ஆண்டுகளில் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகளை மறைக்காமல் எழுதுங்கள். 2025 ஜூன் முதல் ஜே விசாவுக்கு விண்ணப்பிப்பவர்கள் அந்தக் கணக்குகளைப் பொதுப்பார்வைக்குத் திறந்து வைக்கவும் வேண்டும்.

சீனியர்கள் சொல்லும் பழைய தகவல் ஒன்று இன்னும் சுற்றுகிறது: ஜே-1 என்றால், அது முடிந்ததும் இரண்டு ஆண்டு கட்டாயம் தாய்நாட்டில் இருக்க வேண்டும் என்று. தாய்நாட்டுக்குத் தேவைப்படும் துறைகளைச் சொல்லும் திறன் பட்டியலின் பேரில் வந்த அந்தக் கட்டுப்பாட்டிலிருந்து 2024 டிசம்பரில் இந்தியா நீக்கப்பட்டது. ஆனால் ஃபுல்பிரைட் போல அரசு நிதியில் போகிறவர்களுக்கு விதி இன்றும் உண்டு. உங்கள் நிதி எங்கிருந்து வருகிறது என்று பேராசிரியரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள்.

221(ஜி) சீட்டு கிடைத்தால் அன்றே பேராசிரியருக்கும் எழுதுங்கள். தொடக்கத் தேதி தாண்டுவதற்குள் சொல்லிவிட்டால், பல்கலைக்கழக அலுவலகம் அதைத் தள்ளிவைத்துத் திருத்திய டிஎஸ்-2019 அனுப்பும்.