ஆம்புலன்ஸ்: காவு வண்டியா, உயிர்காப்பு ஊர்தியா?

யாழ்ப்பாணத்துச் செய்தித்தாள் ஒன்றில் ‘நோயாளர் காவு வண்டி’ என்ற தொடரை முதன்முதலாகப் படித்தபோது திடுக்கிட்டேன். தமிழ்நாட்டில் காவு என்றாலே பலிதான். கோயிலில் காவு கொடுப்பார்கள். ‘இருவரைக் காவு வாங்கிய வளைவு’ என்று விபத்துச் செய்திக்குத் தலைப்பு வைப்பார்கள். உயிரைக் காக்க ஓடும் வண்டிக்கு இப்படியா பெயர் என்று தோன்றியது. தவறு என் காதில்தான் இருந்தது.

காவுதல் என்றால் தோளில் சுமத்தல். ‘கா’ என்பது இருபுறமும் சுமை தொங்கவிட்டுத் தோளில் வைக்கும் தடி. காவடியில் இருப்பதும் இந்தக் ‘கா’தான். அதியமான் பரிசில் தரக் காலம் தாழ்த்தியபோது, ‘காவினெம் கலனே’ என்று சொல்லி ஔவையார் புறப்படுகிறார் (புறநானூறு 206). யாழ் முதலியவற்றைக் காவிலே தூக்கிக்கொண்டோம் என்பது பொருள். நம் பக்கத்தில் அருகிப்போன இந்த வினை ஈழத்தமிழில் இன்றும் பேச்சிலேயே உயிரோடு இருக்கிறது. சாலை போகாத மலையூர்களில் கம்பில் துணியைத் தொட்டிலாகக் கட்டி, ‘டோலி’ என்று நோயாளியைத் தூக்கி வருகிறார்களே, அதுதான் அசலான காவுதல். அந்தத் தோள்களின் வேலையை ஏற்றுக்கொண்ட வண்டி காவு வண்டி. இதைவிடப் பொருத்தமான பெயரை யோசித்து உருவாக்கிவிட முடியாது.

ஆம்புலன்ஸ் என்ற சொல்லுக்கோ பிறக்கும்போது சுமத்தல் என்ற பொருளே இல்லை. லத்தீனில் ‘ஆம்புலாரே’ என்றால் நடத்தல். அதிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் படையோடு இடம்பெயரும் மருத்துவமனையை ‘ஓப்பித்தால் ஆம்புலான்’, அதாவது நடக்கும் மருத்துவமனை, என்றார்கள். அந்தக் காலத்தில் காயம்பட்ட வீரன் சண்டை ஓயும்வரை களத்திலேயே கிடப்பான். 1790-களில் பிரெஞ்சுப் படை மருத்துவர் டொமினிக் ழான் லாரே இதை மாற்றினார். குதிரை பூட்டிய இலகு வண்டிகளில் மருத்துவரையும் கருவிகளையும் போர்முனைக்கே அனுப்பினார். ‘பறக்கும் ஆம்புலன்ஸ்’ என்று அவற்றுக்குப் பெயர். ஆங்கிலத்தில் வெகுகாலம் போர்க்கள மருத்துவமனையைக் குறித்த சொல், 1850-களின் கிரிமியப் போர்க் காலத்தில்தான் வண்டியைக் குறிக்கத் தொடங்கியது. மருத்துவமனை என்ற பொருள் உதிர்ந்து, ஏற்றிச்செல்லும் வண்டி என்பது மட்டும் நின்றது.

இந்தப் பொருள்மாற்றம் இன்று நமக்குப் பெரிய சிக்கல். வெள்ளை வேன், மேலே சுழல்விளக்கு, உள்ளே ஒரு ஸ்ட்ரெச்சர் இருந்தால் போதும், ஆம்புலன்ஸ் என்கிறோம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. இந்தியாவின் வாகனத் தரவிதி ஏஐஎஸ் 125 நான்கு வகைகளைப் பிரிக்கிறது. ‘ஏ’ வகை நோயாளியை ஏற்றவே ஏற்றாது. மருத்துவ உதவியை இடத்துக்குக் கொண்டு சேர்க்கும். ‘பி’ வகை, வழியில் நெருக்கடி வராது என்று கருதப்படும் நோயாளிக்கானது. ‘சி’ அடிப்படை உயிர்காப்பு வசதி உள்ளது. ‘டி’ உயர்நிலை உயிர்காப்பு. மூச்சுக்குழாய்க்குள் குழாய் செலுத்திக் காக்க வேண்டிய நோயாளிக்கு இதுதான் வேண்டும். மூச்சுத் திணறுபவரை ‘பி’ வகையில் ஏற்றினால் அவர் சும்மா சுமக்கப்படுகிறார், அவ்வளவுதான்.

2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில் தமிழக அரசு தனியார் ஆம்புலன்ஸ் கட்டணத்தை வரையறுத்தபோது, இந்த வேறுபாட்டை விலையிலேயே பார்த்தோம். முதல் 10 கிலோமீட்டருக்குச் சாதாரண வண்டி 1,500 ரூபாய், ஆக்சிஜன் வசதியுள்ளது 2,000, வென்டிலேட்டர் உள்ளது 4,000. மூன்றுக்கும் பெயர் மட்டும் ஒன்றே.

கண்காணிப்பும் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. அரசமைப்புப்படி பொது சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது, மோட்டார் வாகனம் பொதுப் பட்டியலில். வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் வண்டியைப் பார்க்கும். உள்ளே உட்காருபவர் பயிற்சி பெற்றவரா என்பது அந்த அலுவலகத்தின் பார்வைக்கு அப்பாற்பட்டது. 108 வண்டியில் ஓட்டுநரோடு, பயிற்சி பெற்ற மருத்துவ உதவியாளர் ஒருவரும் வருவார், ‘இஎம்டி’ என்பார்கள். 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டுக்கு வந்த அந்தச் சேவையின் பெரிய நன்மையாக நான் கருதுவது அந்த இரண்டாவது ஆளைத்தான்.

இனி, தமிழில் எப்படிச் சொல்வது? ‘அவசர ஊர்தி’ பரவலாக எழுதப்படுகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 194ஈ-ன்படி, வழிவிடாதவருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அந்தப் பிரிவில் தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்ஸும் சேர்ந்தே வருகின்றன. இரண்டுக்கும் பொதுப்பெயராக ‘அவசர ஊர்தி’ இருக்கட்டும். ‘மருத்துவ ஊர்தி’ என்றால் கிராமங்களுக்கு வந்து மருந்து கொடுக்கும் நடமாடும் மருத்துவமனையோடு குழம்பும். (இந்த ‘நடமாடும் மருத்துவமனை’தான் மூலப் பிரெஞ்சுத் தொடரின் நேர்த்தமிழ் என்பது வேறு சங்கதி.)

ஊர்தி என்ற சொல் ஏற்கெனவே மக்களிடம் வேர்விட்டுவிட்டது. தாய்சேய் நல ஊர்தி, அமரர் ஊர்தி என்பவை வண்டிகளிலேயே எழுதியிருக்கும் பெயர்கள். அதே வழியில் ‘பி’ வகைக்கு நோயாளர் ஊர்தி, ‘சி’, ‘டி’ வகைகளுக்கு உயிர்காப்பு ஊர்தி, ஏற்றாமல் உதவி மட்டும் கொண்டுவரும் ‘ஏ’ வகைக்கு முதலுதவி வண்டி என்று எழுதலாம். ‘டி’ வகைக்கு முன்னால் ‘உயர்நிலை’ சேர்த்தால் போதும். பேச்சில் ஆம்புலன்ஸ் தாராளமாக இருக்கட்டும். பதற்றத்தில் வாயில் வருவதுதான் சரியான சொல். ஆனால் வண்டியின் பக்கவாட்டிலும், கட்டணப் பட்டியலிலும், வேறு மருத்துவமனைக்கு அனுப்பும் சீட்டிலும் எந்த ஊர்தி என்று தமிழில் இருக்க வேண்டும். ஸ்ட்ரெச்சரின் பிடியைப் பற்றி நிற்கும் மகளோ மகனோ படித்துப் பார்த்து, ‘அண்ணே, இது உயிர்காப்பு ஊர்தியா, இல்லை வெறும் நோயாளர் ஊர்தியா?’ என்று வண்டி கிளம்பும் முன்பே கேட்க முடியும்.