'ஒரு மாதம்' என்றால் முப்பது நாள் அல்ல

மார்ச் 7-ஆம் தேதி காலையில் ஒருவர் ஃபைலோடு அவசர அவசரமாக என் வக்கீல் அலுவலகத்துக்கு வந்தார். "சார், இன்னைக்குத்தான் கடைசி நாள், எப்படியாவது தாக்கல் பண்ணிடுங்க" என்றார். செக் திரும்பிய வழக்கு. அவர் அனுப்பிய நோட்டீஸ் எதிர்த்தரப்புக்கு ஜனவரி 20 அன்று கிடைத்திருக்கிறது. பணம் கொடுக்கச் சட்டம் தரும் 15 நாள் பிப்ரவரி 4-இல் முடிகிறது. மறுநாள், 5-ஆம் தேதி, வழக்குமூலம், அதாவது வழக்குப் போடும் உரிமை, எழுகிறது. அங்கிருந்து காலண்டரில் கட்டம் கட்டமாகப் பேனாவால் புள்ளி வைத்து 30 நாள் எண்ணியிருந்தார். எண்ணியதில் தவறே இல்லை. ஆனால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 142-வது பிரிவு புகார் தாக்கல் செய்யக் கொடுப்பது 'ஒரு மாதம்'. பிப்ரவரிக்கு 28 நாள்தான் என்பதால் கெடு மார்ச் 5-ஆம் தேதியே போய்விட்டது.

சட்டத்தில் மாதம் என்றால் என்ன என்பதை ஜெனரல் கிளாசஸ் சட்டம், 1897 சொல்கிறது: பிரிட்டிஷ் நாட்காட்டிப்படி கணக்கிடப்படும் மாதம். தேதிக்குத் தேதி. இதே செக் வழக்கில், செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து வந்த பிறகு நோட்டீஸ் அனுப்ப இருப்பதோ 30 நாள். ஒரே சட்டம், அடுத்தடுத்த கட்டங்கள், இரண்டு வேறு அளவுகள். இரண்டும் ஒன்றுதானே என்று நினைத்து நல்ல வழக்கைக் கெடுத்துக்கொண்டவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் கனத்துப்போகிறது.

சில சமயம் இது புகார்தாரரைக் காப்பாற்றவும் செய்யும். சாகேத் இந்தியா என்ற செக் வழக்கில் நோட்டீஸ் கிடைத்தது 1995 செப்டம்பர் 29. பதினைந்து நாள் அக்டோபர் 14-இல் முடிந்தது, வழக்குமூலம் 15-இல் எழுந்தது. புகார் தாக்கலானது நவம்பர் 15. வழக்குமூலம் எழுந்த நாளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது, எனவே புகார் கெடுவுக்குள்தான் என்று 1999-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அக்டோபருக்கு 31 நாள். வெறும் முப்பது நாள் என்று எண்ணியிருந்தால் ஒரு நாள் தாமதம்! அந்தக் கணக்கிடும் முறை சரியே என்று 2013-இல் மூன்று நீதிபதிகள் அமர்வும் உறுதி செய்தது.

என்னிடம் வந்தவருக்குத் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனு போட்டோம். 2002 திருத்தம் அந்த வழியைத் திறந்து வைத்திருக்கிறது. மனு ஏற்கப்பட்டது, ஆனால் இரண்டு நாள் பிழைக்காக அவர் பல வாய்தா அலைய வேண்டியிருந்தது.

சரி, இது நாள் கணக்கு. சாதாரணச் சொற்களிலும் இதே சிக்கல்தான். 'பிள்ளைகள்' என்றால் நமக்குச் சின்னஞ்சிறுசுகள் நினைவுக்கு வரும். போக்சோ சட்டத்தில் குழந்தை என்பவர் 18 வயதுக்குட்பட்டவர். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்திலோ நேர் எதிர்: மகன், மகள், பேரன், பேத்தி எல்லாரும் அதில் 'பிள்ளைகள்', மைனர் மட்டும் இல்லை. 'பெற்றோர்' என்ற சொல்லுக்குள் மாற்றாந்தாயும் அடக்கம், அவர் மூத்த குடிமகனாக இல்லாவிட்டாலும். "பெத்தது நான் இல்லையே, எனக்கு என்ன உரிமை?" என்று என் எதிரே உட்கார்ந்து கேட்ட அம்மாவுக்கு, சட்டத்தின் 2-வது பிரிவைத்தான் எடுத்து வாசித்துக் காட்டினேன். இன்னொரு தடவை படிங்க தம்பி என்றார். படித்தேன். அப்புறம்தான் மனுவில் கையெழுத்துப் போட்டார்.

இன்னொரு சொல்லையும் சொல்லிவிடுகிறேன். குற்ற வழக்கில் 'விடுவிப்பு' வேறு, 'விடுதலை' வேறு. விசாரணை முடிந்து விடுதலையானவரை, அந்தத் தீர்ப்பு நிலைத்திருக்கும்வரை, அதே குற்றத்துக்காக மறுபடி விசாரிக்க முடியாது. நீதிமன்றம் குற்றச்சாட்டைப் பதிவு செய்வதற்கு (வனைவதற்கு) முன்பே விடுவிக்கப்பட்டவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. விடுவிப்பு விடுதலை ஆகாது என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 300-வது பிரிவு விளக்கமாகவே சொன்னது. புதிய சட்டத்தில் அது 337-வது பிரிவு. பேச்சில் இரண்டையும் விடுதலை என்றே சொல்லிவிடுகிறோம். உங்கள் வீட்டில் யாருக்காவது அப்படி ஓர் உத்தரவு வந்திருந்தால், சான்றிட்ட நகலை வாங்கி, கடைசிப் பத்தியில் எந்தச் சொல் இருக்கிறது என்று பாருங்கள்.