போக எட்டு மணி நேரம், திரும்ப ஏழு மணி நேரம்

இரண்டு ஊர்ப் பெயர்களைத் தட்டினால் இணையதளம் உடனே தூரத்தையும் விமான நேரத்தையும் சொல்லிவிடும். அதில் தூரத்தை நம்பலாம், நேரத்தைத்தான் கொஞ்சம் யோசித்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

தூரம் வெறும் கணக்கு. இரு ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகை, பூமியின் ஆரம் சுமார் 6,371 கி.மீ., இவ்வளவு தெரிந்தால் உருண்டையின் மேல் மிகக் குறுகிய வழி கிடைத்துவிடும். இதைப் பெருவட்டப் பாதை என்பார்கள். தட்டையான வரைபடத்தில் இது வில்லாக வளைந்து தெரிவதால், லண்டனிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் போகிற விமானம் எதற்கு கிரீன்லாந்துப் பக்கம் சுற்றுகிறது என்று தோன்றும். சுற்றவில்லை. பூகோள உருண்டையில் இரண்டு ஊர்களுக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள், நூலும் அந்தப் பக்கம்தான் போகும்.

சரி, தூரத்தை விமானத்தின் வழக்கமான வேகமான மணிக்கு 900 கி.மீ.யால் வகுத்தால் நேரம் வந்துவிடாதா? வராது. அந்த 900 என்பது சுற்றியுள்ள காற்றைப் பொறுத்த வேகம், அந்தக் காற்றே ஓடிக்கொண்டிருக்கிறது. பத்துப் பன்னிரண்டு கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் ஸ்ட்ரீம் என்ற காற்றாறு பாய்கிறது, சில நாட்களில் மணிக்கு 300 கி.மீ.க்கும் மேலே. லண்டனிலிருந்து நியூயார்க் போக ஏறக்குறைய எட்டு மணி நேரம், திரும்ப ஏழுதான். 2020 பிப்ரவரியில் ஒரு புயலோடு சேர்ந்து வந்த காற்றில் ஒரு பயணிகள் விமானம் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. தரையைப் பொறுத்து 1,300 கி.மீ. வேகத்தைத் தாண்டியும் அது ஒலித்தடையை உடைக்கவில்லை, காற்றைப் பொறுத்தவரை அது வழக்கமான வேகத்தில்தான் பறந்துகொண்டிருந்தது.

பூமி கீழே சுழல்வதால்தான் இந்த வித்தியாசம் என்று பலரும் சொல்வார்கள். வளிமண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது, அதனால் அந்த விளக்கம் நிற்காது. ஆனால் துருவப் பக்கம் நகரும் காற்றைக் கிழக்கே திருப்பி ஜெட் ஸ்ட்ரீமை உண்டாக்குவதில் சுழற்சிக்குப் பங்கு உண்டு, ஆக அவர்கள் சொல்வதில் சுற்றுவழியாகக் கொஞ்சம் உண்மை இருக்கிறது!

போகும்போது இழந்ததை வரும்போது மீட்டுவிடலாமே என்றால் அதுவும் நடக்காது. தூரம் 5,400 கி.மீ., விமானத்தின் வேகம் அதே 900, காற்றின் வேகம் மணிக்கு 150 கி.மீ. என்று வையுங்கள். எதிர்க்காற்றில் 7 மணி 12 நிமிடம், பின்காற்றில் 5 மணி 9 நிமிடம், மொத்தம் 12 மணி 21 நிமிடம். காற்றே இல்லாவிட்டால் சரியாகப் பன்னிரண்டு. எதிர்க்காற்றுக்குள் அதிக நேரம் மாட்டிக்கொள்கிறோம், அதனால்தான் நஷ்டம்.

அப்புறம் அரசியல். 2022இல் ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய விமானங்களுக்கு மூடப்பட்டதும், சுமார் ஒன்பதரை மணி நேரம் எடுத்த ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் பதின்மூன்று மணி நேரத்தை நெருங்கியது, இரண்டு ஊர்களும் ஒரு அங்குலம்கூட நகராமலே.

டிக்கெட்டில் அச்சாகும் நேரமோ இன்னொன்று. விமானம் நின்ற இடத்தை விட்டு அசைந்ததிலிருந்து மறுமுனையில் வந்து நிற்கும்வரை எல்லாம் அதில் அடக்கம், ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது உட்பட. தாமதத்துக்கென்று கொஞ்சம் கூடுதலாகவும் சேர்த்திருப்பார்கள். அரை மணி தாமதமாகக் கிளம்பிய விமானம் சொன்ன நேரத்துக்கே வந்து சேருவது பெரும்பாலும் இந்தச் சேமிப்பால்தான்.