பொதுநிலைச் சகோதரரின் கல்லறைப் பலகை: வெட்டிய விதமும் தேய்ந்த விதமும்

சிஸ்டெர்சியன் என்பது கத்தோலிக்கத் துறவிகளின் ஒரு சபை. 12-ஆம் நூற்றாண்டில் அதன் மடங்களில் இரண்டு வகையினர் சேர்ந்து வாழ்ந்தார்கள். கோவிலில் விவிலியச் சங்கீதங்களைப் பாடிய துறவிகள் ஒரு வகை. உழுவது, ஆடு மேய்ப்பது, கல் உடைப்பது என்று மடத்தைத் தாங்கிய பொதுநிலைச் சகோதரர்கள் மற்றொரு வகை. இங்கிலாந்தின் ரீவோ மடத்தில் எல்ரெட் மடாதிபதியாக இருந்தபோது (1147–1167) 140 துறவிகளும், சகோதரர்களும் வேலையாட்களுமாக 500 பேரும் இருந்ததாக அவர் வரலாற்றை எழுதியவர் குறித்திருக்கிறார். சகோதரர்கள் தாடி வைத்திருப்பார்கள். புத்தகம் வைத்துக்கொள்ள அனுமதியில்லை. கர்த்தர் கற்பித்த செபம், விசுவாசப் பிரமாணம் போன்ற சிலவற்றை மனப்பாடம் செய்தால் போதும். பெரும்பாலோரைத் துணியில் சுற்றி, மேலே பெயர் எதுவும் இல்லாமல் அடக்கம் செய்தார்கள். ஆகவே இப்படி ஒருவருக்குச் செதுக்கிய கல் கிடைத்தால் அதை அபூர்வம் என்றே சொல்ல வேண்டும்.

அந்தக் கல் ஏன் தட்டையாக இருக்கிறது? மடத்தின் உள்முற்றத்தில் இருக்கும் கல்லறைக் கற்கள் நடப்பவர்கள் காலில் தட்டாதபடி தரைமட்டமாக இருக்க வேண்டும் என்று சபையின் பொதுப்பேரவை 1194-இல் விதித்தது. புடைப்புச் சிற்பத்துக்கு அங்கே வழியில்லை, கோடாகத்தான் வெட்ட வேண்டும்.

தலைப்பக்கம் 60 செ.மீ., கால்பக்கம் 40 செ.மீ., நீளம் 1.8 மீட்டர், கனம் 15 செ.மீ. என்று ஒரு மணற்கல் பலகையை எடுத்துக்கொண்டால் எடை ஏறக்குறைய 310 கிலோ வரும். மணற்கல் ஓலைச்சுவடிக் கட்டு போல அடுக்கடுக்காகப் படிந்தது. அடுக்கின் போக்கில் ஆப்பு இறக்கினால் பலகையாகப் பிளக்கும். பூமியிலிருந்து எடுத்த புதுக்கல்லில் ஈரம் இருக்கும், உளிக்கு எளிதில் இணங்கும். காயக் காய, நீரில் கரைந்திருந்த தாதுக்கள் மேற்பரப்புக்கு வந்து படிந்து கல்லை இறுக்கிவிடும். அதனால் கல் காய்வதற்குள் வெட்டுவது நல்லது.

முதலில் நடுக்கோடு கீறுவார்கள். தலைப்பக்கத்தில் ஒரு சதுரம் குறித்து, அதன் நான்கு மூலைகளில் கவராயத்தை ஊன்றி நான்கு வட்டங்கள் போட்டால், அவற்றுக்கு நடுவே மிஞ்சும் இடமே சிலுவையின் கைகளாக நிற்கும். கவராய முனை குத்திய சிறு குழி சில கற்களில் இன்னும் தெரிகிறது. அதன்மேல் விரலை வைக்கும்போது, வெட்டியவர் கை ஊன்றிய இடத்தையே தொடுகிறோம்.

வெட்டும்போது நடுவே ஒரு கீறல் போட்டு, இரண்டு ஓரங்களிலிருந்தும் அதை நோக்கி உளியைச் சாய்த்து இறக்க வேண்டும். அப்போதுதான் சில மில்லிமீட்டர் ஆழத்தில் கூர்மையான பள்ளம் அமையும். உளியை உள்ளிருந்து வெளியே ஓட்டினால் ஓரம் சில்லாகத் தெறிக்கும். இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளும் மூலையில் அடி கொஞ்சம் பலமாக விழுந்தால் நடுவில் நிற்கும் துண்டு அடுக்கோடு பெயர்ந்துவிடும், அதைத் திரும்ப ஒட்ட முடியாது. இடைக்காலக் கல்லறைப் பலகைகள் பலவற்றில் எழுத்தே இல்லை. சிலுவைத் தண்டின் பக்கத்தில் கத்தரியோ சுத்தியலோ இருக்கும். கத்தரி என்றதும் ஆட்டுமயிர் வெட்டியவர் என்று முடிவு கட்டிவிடக் கூடாது, வட இங்கிலாந்தில் அதைப் பெரும்பாலும் பெண்களின் கல்லறைக்கு உரிய சின்னமாகவே கொள்கிறார்கள்.

கல்லைக் கெடுப்பது நடப்பவர்களின் கால் மட்டுமல்ல. அடியில் சுண்ணாம்புக் காரை சரியாக நிரம்பாமல் பொந்து விட்டால் பலகை நடுவில் குறுக்காக வெடிக்கும். அழுத்தத்தைத் தாங்கும் அளவுக்கு மணற்கல் வளைவைத் தாங்காது. தரையீரம் உப்பை மேலே கொண்டுவரும். நீர் ஆவியானதும் தோலுக்கு அடியில் படிகம் வளர்ந்து மேல் அடுக்கைத் தள்ளும். பனிக்காலத்தில் விரிசலுக்குள் உறையும் நீர் சுமார் 9 சதவீதம் பெருகும். பிற்காலத்தில் சிமென்ட் பூசிப் பழுதுபார்த்த இடங்களில் சேதம் இன்னும் மோசம். ஈரம் வெளியேற வழியில்லாமல் கல்லுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. 1536-க்குப் பிறகு இங்கிலாந்தில் மடங்கள் கலைக்கப்பட்டபோது பல பலகைகள் வாசற்படியாகவும் நிலைக்கல்லாகவும் போயின. முகம் கீழ்ப்பக்கமாகப் பதிந்த கல்லுக்கு ஒருவிதத்தில் அதிர்ஷ்டம்தான், கோடுகள் பிழைத்தன.

தேய்ந்த கல்லைப் படிக்க வெளிச்சம்தான் கருவி. இருட்டில் விளக்கைத் தரையோடு 10 முதல் 15 டிகிரிக்குள் சாய்த்துப் பிடித்தால் ஒரு மில்லிமீட்டர் பள்ளமும் நிழல் விடும். கோடு எந்தத் திசையில் ஓடுகிறதோ அதே திசையில் வெளிச்சம் விழுந்தால் நிழல் வராது, கோடு மறைந்துபோகும். அதனால் கேமராவை அசைக்காமல், விளக்கை மட்டும் சுற்றிலும் நகர்த்தி நாற்பது ஐம்பது படங்கள் எடுத்து, கணினியில் சேர்த்துப் பார்க்கிறார்கள். கோடு தெரியட்டும் என்று சாக்பீஸால் தடவுவதும், பாசியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பதும் கூடவே கூடாது. பிரஷ் உளித்தடத்தை அரித்துவிடும். சாக்பீஸ் தடவியவரோ தனக்குத் தெரிந்ததாகத் தோன்றியதை மட்டும் வரைந்துவிட்டுப் போவார், அடுத்து வருபவர் அதையே மூலம் என்று படிப்பார்.